வாசகர் கேள்வி – பதில்: நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்

சென்ற இதழில், தமிழகத்திலிருந்து மலாயாவுக்குப் பயணிகளை ஏற்றிவந்த எஸ்.எஸ். இராஜுலா கப்பலைப் பற்றி எழுதியிருந்தோம். நாகப்பட்டினத்தில் அக்கப்பல் கரையை விட்டு வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நின்றது என்று அதில் ஒரு வரி வந்தது. பந்திங்கிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் நங்கூரத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் தந்தையார் இராஜுலாவில் வந்தவர். நாகப்பட்டினத்தில் படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போதே பாதிப் பேருக்குத் தலை சுற்றிவிட்டது என்று சொல்வார். கப்பல் ஏன் கரைக்கே வரவில்லை?
*ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, பந்திங்*

ஒரு பெரிய கப்பல் கரையில் வந்து அணைய வேண்டுமானால் அதற்கென்று கட்டிய துறைமேடை வேண்டும், அந்த மேடை வரைக்கும் போதிய ஆழம் வேண்டும், அலையைத் தடுக்க ஓர் அரணும் வேண்டும். அன்றைய நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்களுக்கு இவை எதுவும் வாய்க்கவில்லை. ஆற்று முகத்துவாரம் சிறு தோணிகளுக்குத்தான் போதுமானது. கடலோ கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகிச் செல்லும் மணற்கடல். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இராஜுலாவைப் போன்ற நீராவிக் கப்பல், அடிப்பகுதி தரை தட்டாத ஆழத்தில், திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டியிருந்தது. பயணிகளும் மூட்டைகளும் படகில் போய்த்தான் கப்பலைச் சேர்ந்தனர். படகு அலையோடு ஏறி இறங்கும். கப்பலும் தன் சங்கிலியின் நுனியில் நின்று ஆடும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஆடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மாற்றி வைப்பது பழகியவர்களுக்கே கடினம். உங்கள் தந்தையார் மிகைப்படுத்தவில்லை.

பயணத்தின் இந்தப் பக்கத்து நிலைமை வேறு. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானுக்கு, முன்னே கிள்ளான் தீவும் இன்றைய பூலாவ் இண்டாவும் தெற்கே நம் கேரித்தீவும் நின்று அலையைத் தாங்கிக்கொள்கின்றன. நங்கூரமிட்டு நின்றாலும் அங்கே கப்பல் அமைதியாக நிற்கும்.

பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பலை ஏழெட்டு டன் எடையுள்ள ஓர் இரும்புத் துண்டு எப்படிப் பிடித்து வைக்கிறது? இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.
*படிவம் ஐந்து மாணவி, தெலுக் பங்லீமா காராங்*

நங்கூரத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் எண்ணம் பிசகுவது இந்த இடத்தில்தான். நங்கூரம் தன் எடையால் கப்பலைப் பிடித்து வைப்பதில்லை. வெறும் எடை போதுமென்றால் ஒரு பெரிய கான்கிரீட் கட்டியைக் கடலில் போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு இத்தனை வளைவும் கையும் அலகும் தேவைப்பட்டிருக்காது.

முதலில் மண். நங்கூரத்தின் அலகுகள் கடலடி மண்ணில் புதைந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: தரையில் பதிந்த மண்வெட்டியின் பிடியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி இழுத்தால் இலை இன்னும் ஆழமாக இறங்கும்; பிடியை மேலே தூக்கினால் இலை எளிதாகக் கழன்று வந்துவிடும். நங்கூரமும் அப்படியே. கிடைமட்டமாக இழுக்கப்படும் வரையில் அது மேலும் மேலும் புதைந்துகொண்டே போகும். மேல்நோக்கி இழுத்தால் விட்டுவிடும். ஆகவே கப்பல் எவ்வளவு இழுத்தாலும் அந்த இழுப்பு கடலடியில் படுக்கையாகவே வந்து சேரும்படி செய்வதுதான் முழு வித்தையும்.

அந்த வித்தையைச் செய்வது சங்கிலி. 80 மில்லிமீட்டர் பருமனுள்ள கப்பல் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 70,000 டன் சரக்கு ஏற்றும் கப்பலுக்கு இந்த அளவு பொருந்தும். அதன் ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் இருக்கும். சங்கிலி முறுக்கிக்கொள்ளாமலும் கண்ணி நசுங்காமலும் இருப்பதற்காக ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் குறுக்கே ஒரு சிறு இரும்புக் கட்டை வைத்திருப்பார்கள். ஒரு மீட்டர் நீளச் சங்கிலியின் எடை சுமார் 140 கிலோ. 165 மீட்டர் சங்கிலியைக் கடலில் விட்டால் 23 டன் இரும்பு கீழே போகிறது. நங்கூரமோ எட்டு ஒன்பது டன்தான். இந்தச் சங்கிலியின் கணிசமான பகுதி கடலடியில் சும்மா படுத்துக் கிடக்கும். மீதி, கப்பலின் மூக்கை நோக்கி ஒரு வளைவாக எழும். காற்று வலுத்துக் கப்பல் பின்னுக்குப் போகும்போது, அந்த வளைவு மெல்ல மெல்ல நிமிர்ந்து, தரையில் கிடந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கும். அத்தனை எடையையும் தூக்க வேண்டியிருப்பதால் கப்பலின் வேகம் அதிலேயே செலவாகிவிடும். காற்று தணிந்ததும் சங்கிலி மறுபடியும் படுத்துக் கப்பலை முன்னுக்கு இழுத்துக்கொள்ளும். திடீர் வெட்டு எதுவும் நங்கூரத்தைப் போய்ச் சேராது. கடைசிக் கண்ணி வரைக்கும் தரையை விட்டு எழுந்துவிட்டால் மட்டுமே இழுப்பு சாய்வாகி, நங்கூரம் பெயர ஆரம்பிக்கும். நங்கூரம் பிடிக்கவில்லை என்று கப்பற்காரர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் சங்கிலி போதவில்லை என்பதே பொருள்.

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கப்பல்களுக்குத் தரச்சான்று வழங்கும் சங்கங்களின் பொதுவிதிப்படி, கப்பலின் நங்கூரமும் சங்கிலியும் ஓரளவு மறைவான இடத்தில் தற்காலிகமாக நிற்பதற்காகக் கணக்கிடப்பட்டவை. நொடிக்கு 25 மீட்டர் காற்று, நொடிக்கு 2.5 மீட்டர் நீரோட்டம் என்பது அந்தக் கணக்கு. திறந்த கடலில் புயலை எதிர்த்து நிற்கவோ, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலைச் சட்டென்று நிறுத்தவோ அவை செய்யப்படவில்லை. திரைப்படங்களில் முழு வேகத்தில் போகும் கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்துவதைப் பார்த்துவிட்டு யாரும் நம்பிவிட வேண்டாம். புயல் வருகிறதென்றால் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்விடுவதே நல்ல மாலுமிக்கு அழகு. 2007 ஜூன் 8ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் நியூகாசில் கரையில் தரை தட்டிய பாஷா பல்க்கர் என்ற சரக்குக் கப்பல், புயல் எச்சரிக்கை வந்த பிறகும் நங்கூரத்தை நம்பி நின்றது. காற்று முற்றிய பிறகு அது நங்கூரத்தை எடுத்துப் புறப்பட்டும் கரையிலிருந்து விலக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு மோரிப் கடற்கரைக்குப் போவோம். தூரத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. மாலையில் பார்த்தால் எல்லாம் மறுபக்கம் திரும்பியிருக்கின்றன. யார் திருப்புகிறார்கள்?
*செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுநர், பந்திங்*

கடல்தான் திருப்புகிறது. நங்கூரச் சங்கிலி கப்பலின் மூக்கில் கட்டுண்டிருப்பதால், நீரோட்டம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைக் காட்டிக்கொண்டு கப்பல் நிற்கும். காற்று பலமாக இருந்தால் காற்றுக்கும் நீருக்கும் இடையே ஏதோ ஒரு கோணத்தில் சமாதானம் செய்துகொள்ளும். மலாக்கா நீரிணையில் நீரோட்டத்தை ஏற்றவற்றம் ஆள்கிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும்போது கப்பல்களும் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. மாறும் நேரத்தில் கவனித்துப் பாருங்கள்: சுமை ஏற்றி ஆழமாக அமிழ்ந்த கப்பல் முதலில் திரும்பும், காலிக் கப்பல் காற்றுக்கு ஆட்பட்டு, சற்று நேரம் குறுக்கே நின்று தயங்கும்.

இதனால்தான் நங்கூரமிட்ட கப்பலுக்கு ஒரு புள்ளியை ஒதுக்கினால் போதாது, ஒரு வட்டத்தையே ஒதுக்க வேண்டும். 200 மீட்டர் கப்பல் 165 மீட்டர் சங்கிலி விட்டிருந்தால், அது சுற்றிவரக்கூடிய வட்டத்தின் ஆரம் 360 மீட்டரைத் தாண்டும். அடுத்த கப்பலின் வட்டம் இந்த வட்டத்தைத் தொடக் கூடாது. கரையிலிருந்து பார்க்கும் நமக்கு, இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் இத்தனை தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

நங்கூரமிட்ட கப்பல் அசையாமல் நிற்கிறது என்று எழுதுவோரைக் காணும்போதெல்லாம் பட்டினப்பாலைதான் எனக்கு நினைவுக்கு வரும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் நின்றாடும் நாவாய்களை, கட்டுத்தறியை அசைக்கும் யானைகளுக்கு ஒப்பிடுகிறது அந்தப் பாட்டு. கட்டுண்டது, ஆனால் ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் துறையில் நின்று கண்ணால் பார்த்தவர் சொன்ன உவமை அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் மகன் சரக்குக் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்திருக்கிறான். "ஐந்து ஷேக்கிள் தண்ணீரில் இருக்கிறது" என்று செய்தி அனுப்புகிறான். எதையோ கடலில் போட்டுவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன். இந்தச் சொற்களை எல்லாம் கொஞ்சம் விளக்க முடியுமா?
*ஒரு தாயார், கேரித்தீவு*

பயப்பட ஒன்றுமில்லை, அம்மா. ஷேக்கிள் என்பது இரண்டு சங்கிலித் துண்டுகளை இணைக்கும் கொளுவியின் பெயர். அப்படி இணைக்கப்படும் ஒரு துண்டின் நீளத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், பழைய கணக்கில் 15 பாகம். இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி வரும் நீளத்தை நம் மீனவர்கள் பாகம் என்பார்கள். ஆங்கிலேயர் ஆறடி என்று வரையறுத்த அளவும் அதுதான். ஐந்து ஷேக்கிள் என்றால் ஏறக்குறைய 137 மீட்டர் சங்கிலி வெளியே போயிருக்கிறது. ஆழம் 25 மீட்டராக இருந்தால் அது ஐந்தரை மடங்கு. நல்ல காலநிலைக்குப் போதுமானது.

நங்கூரத்தின் நடுத்தண்டு ஷாங்க், அதன் மேல்நுனியில் சங்கிலி மாட்டும் வளையம், கீழ்நுனி கிரௌன், அங்கிருந்து இருபுறமும் விரியும் கைகளின் நுனியில் மண்ணைத் தோண்டும் அலகுகள் புளூக். முன்தளத்தில் சங்கிலியை இறக்கி ஏற்றும் எந்திரம் விண்ட்லாஸ். சங்கிலி கப்பலின் உடலைத் துளைத்து வெளியேறும் குழாய் ஹாஸ் பைப். எடுத்த சங்கிலி போய்க் குவியும் இருட்டறை செயின் லாக்கர். அதன் கடைசி நுனி அந்த அறையில் கப்பலோடு பிணைக்கப்பட்டிருக்கும், ஆனால் ஆபத்து நேரத்தில் உடனே கழற்றிவிடக்கூடிய வகையில்.

உங்கள் மகன் பார்க்கும் வேலையையும் சொல்கிறேன். நங்கூரம் எடுக்கும்போது முன்தளத்தில் நின்று, சங்கிலி எந்தப் பக்கம் நீள்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று கப்பல் தலைவருக்கு அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷேக்கிள் இணைப்பின் இரு பக்கத்துக் கண்ணிகளுக்கும் வெள்ளை வண்ணம் அடித்திருப்பார்கள். எத்தனையாவது இணைப்போ, இணைப்பிலிருந்து அத்தனையாவது கண்ணியில் வண்ணமும் கம்பிச் சுற்றும் இருக்கும். சேறு படிந்து வரும் சங்கிலியைக் குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே இந்த அடையாளங்களை எண்ண வேண்டும். கிள்ளான் பக்கத்துச் சேறு லேசில் போகாது. கழுவாமல் விட்டால் செயின் லாக்கர் நாற்றமெடுத்துவிடும். நங்கூரம் மண்ணை விட்டுக் கிளம்பிய கணத்திலிருந்து, இன்னும் நீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தாலும், கப்பல் சட்டப்படி நங்கூரமிட்ட கப்பல் அன்று, ஓடும் கப்பல்.

பழைய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களில் இவ்வேலைகளைச் செய்தவர்கள் இந்திய மாலுமிகள். அவர்களுக்குத் தலைவர் சாரங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல். தோட்டத்துத் தண்டலை அறிந்த நம் பெரியவர்களுக்கு இது வியப்பாக இராது.

கப்பலின் முன்பக்கம் கறுப்புப் பந்து ஒன்று தொங்குகிறதே, அது திருஷ்டிக்கா?
*வாசகர், கோலலங்காட்*

இல்லை. நான் நங்கூரமிட்டிருக்கிறேன், உடனே விலக முடியாது, நீ விலகிப் போ என்று பிற கப்பல்களுக்குச் சொல்லும் பகல்நேர அடையாளம் அது. 1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தவிர்ப்பு விதிகள் கட்டாயமாக்கியது. இரவில் பந்துக்குப் பதில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு. 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலானால் முன்னே உயரத்தில் ஒன்றும் பின்னே தாழ்வாக ஒன்றும். மூடுபனியில் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நொடி மணி அடிக்க வேண்டும்.

படங்களில் காணும் நங்கூரத்துக்குக் குறுக்குக் கட்டை இருக்கிறது. மேற்குத் துறைமுகத்தில் நான் பார்த்த கப்பல்கள் எதிலும் அது இல்லை. எது உண்மையான நங்கூரம்?
*கொள்கலன் லாரி ஓட்டுநர், பூலாவ் இண்டா*

இரண்டும் உண்மையானவைதாம். குறுக்குக் கட்டை உள்ளது பழைய வகை. கட்டையும் கைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால், நங்கூரம் எப்படி விழுந்தாலும் கட்டை அதைப் புரட்டி ஒரு கையை மண்ணில் இறக்கிவிடும். பிடிப்பு மிக நன்று. ஆனால் கப்பலின் மேல் ஏற்றி வைப்பது பெரும்பாடு. கட்டையில்லாத நங்கூரத்துக்கு இங்கிலாந்தில் 1821லேயே காப்புரிமை பெற்றிருந்தும், அது பரவியது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதன் கைகள் தண்டின் அடியில் கீல்போல் இருபுறமும் மடங்கும். அதே எடையுள்ள பழைய வகையை விட அதற்குப் பிடிப்பு குறைவு. ஆனாலும் குழாய்க்குள் தண்டை நேராக இழுத்து, கப்பலின் கன்னத்தில் ஒட்டவைத்துவிடலாம் என்ற ஒரே வசதிக்காக உலகம் அதை ஏற்றுக்கொண்டது. பிடிப்புக் குறைவை எடையாலும் சங்கிலியாலும் ஈடுகட்டிக்கொண்டார்கள்.

எடை என்றதும் ஒரு காட்சி. டைட்டானிக் கப்பலின் நடு நங்கூரம் ஏறத்தாழ 16 டன். 1911இல் இங்கிலாந்தின் நெதர்ட்டன் பட்டறையிலிருந்து அதை இரயில் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல 20 குதிரைகளைப் பூட்டினார்கள். சீவைஸ் ஜயண்ட் என்ற 458 மீட்டர் எண்ணெய்க் கப்பலின் 36 டன் நங்கூரம் இன்று ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் உடைபட்டுப் போயிற்று, நங்கூரம் மிஞ்சியது.

கப்பலை நிறுத்துவதைத் தவிர நங்கூரத்துக்கு வேறு வேலை உண்டா?
*தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பந்திங்*

உண்டு, நிற்பதற்குப் பதில் நகர்வதற்கும் அது உதவும். காற்றில்லாத நாளில், சிறு படகில் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டுபோய் முன்னால் தூரத்தில் போட்டு, அதன் கயிற்றைக் கப்பலிலிருந்து சுருட்டினால் கப்பல் நங்கூரத்தை நோக்கி நகரும். மறுபடி எடுத்து மறுபடி முன்னே போட வேண்டும். 1812 ஜூலையில் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் என்ற போர்க்கப்பல் இப்படி அங்குலம் அங்குலமாகத் தன்னை இழுத்துக்கொண்டும் படகுகளால் இழுக்கப்பட்டும், இரண்டு நாளுக்கு மேல் துரத்திய பிரிட்டிஷ் கப்பல்களிடமிருந்து தப்பியது.

நம் மோரிப்புக்கும் இதில் பங்குண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ், இந்தியப் படைகள் அங்கே தரையிறங்கின. அதன் நினைவுக்கல் இன்றும் நிற்கிறது. படைகளைக் கரையில் இறக்கும் தட்டையான கலங்கள், கரையை நெருங்கும்போதே பின்பக்கத்திலிருந்து ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டு முன்னேறுவது வழக்கம். இறக்கி முடித்ததும் அந்த நங்கூரக் கயிற்றைச் சுருட்டித் தம்மைத் தாமே கரையிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எடை குறைந்தும் பிடிப்பு மிகுந்தும் இருக்கும் டான்ஃபோர்த் வகை நங்கூரம் இந்தக் கலங்களின் வழியாகவே புகழ் பெற்றது. மோரிப்பில் அன்று சேற்றில் மாட்டிக்கொண்டவை கலங்கள் இறக்கிய வண்டிகள். நங்கூரம் விரும்பும் அதே சேறு சக்கரத்துக்குப் பகை.

எங்கள் ஊர்த் தேவாலயத்துப் பழைய கல்லறை ஒன்றில் நங்கூரம் செதுக்கியிருக்கிறது. இறந்தவர் மாலுமி இல்லையாம். பிறகு ஏன்? கடையில் வாங்கும் கோதுமை மாவுப் பையிலும் நங்கூரம்தானே இருக்கிறது?
*இல்லத்தரசி, தோட்டக் குடியிருப்பு, பந்திங்*

கல்லறை நங்கூரம் நம்பிக்கையின் சின்னம். விவிலியத்தில் எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரம், நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்கிறது. உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் செதுக்கிய நங்கூரங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. பிற்காலத்தில் விசுவாசத்துக்குச் சிலுவை, நம்பிக்கைக்கு நங்கூரம், அன்புக்கு இதயம் என்று மூன்றையும் சேர்த்து வரையும் வழக்கம் வந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலக் கொடியில் நங்கூரமும் அதன் கீழே நம்பிக்கை என்ற ஒரு சொல்லும் சுற்றிலும் பதின்மூன்று விண்மீன்களும் உள்ளன.

புனித கிளமெண்டைப் பற்றிய கதையில் மட்டும் நங்கூரம் கொலைக்கருவி. கழுத்தில் நங்கூரத்தைக் கட்டி அவரைக் கடலில் தள்ளினார்கள் என்பது மரபு. கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான், அக்கல்லே தெப்பமாக மிதக்கத் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறியதாக நம் மரபு சொல்கிறது. ஒருவர் மூழ்கி மேன்மை பெற்றார்; மற்றவர் மிதந்து. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

அரசர்களுக்கும் படைகளுக்கும் அது வேறொன்று. அலெக்சாந்தருக்குப் பின் ஆசியாவை ஆண்ட செலூக்கசின் காசுகளில் நங்கூரம் அரச முத்திரை. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் சின்னம், கயிறு சுற்றிக்கொண்ட நங்கூரம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சொந்தக் கயிறே சுற்றிக்கொண்ட நங்கூரம் மாலுமிகளுக்குப் பெரிய தலைவலி, அது மண்ணைப் பிடிக்காது. ஒரு கடற்படை அதையே தேர்ந்தெடுத்தது வேடிக்கைதான். நம் மலேசிய அரச கடற்படையின் கொடியிலும் நங்கூரம் உண்டு.

நீங்கள் சொல்லும் மாவுப் பையில் உள்ளதை மலாயில் சாவுஹ் என்பார்கள். வணிக முத்திரைகள் பெரும்பாலும் எழுத்தறியாதவரும் அடையாளம் கண்டு வாங்குவதற்காக ஏற்பட்டவை. கப்பலில் சரக்கு வந்து இறங்கிய காலத்தில் நங்கூரம் அதற்கு மிகவும் தோதான படம்.

ஒரு கப்பல் நங்கூரத்தால் இணையமே அறுந்து போகும் என்கிறார்களே, நம்பலாமா?
*கைப்பேசிக் கடைக்காரர், பந்திங்*

நம்பலாம். கடலடி இணைய வடங்களில் ஏற்படும் பழுதுகளில் 70 முதல் 80 விழுக்காடு மீன்பிடிப்பாலும் கப்பல் நங்கூரங்களாலும் நேர்பவை. 2008 பிப்ரவரியில் வளைகுடாவில் ஃபால்கன் என்ற வடம் அறுந்தபோது, யாரோ கைவிட்டுப் போன ஐந்தாறு டன் நங்கூரம் ஒன்று அந்த இடத்தில் கிடந்தது. 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான எரிவாயுக் குழாய், ஒரு சரக்குக் கப்பல் இழுத்துச் சென்ற நங்கூரத்தால் உடைந்தது. அந்த ஆறு டன் நங்கூரத்தைக் கடலடியிலிருந்து மீட்டார்கள். இதனால்தான் கடல் வரைபடங்களில் வடம் போகும் இடங்களில் நங்கூரமிடத் தடை காட்டும் குறி இருக்கும். நம் கடற்பகுதியில் அனுமதியின்றி நங்கூரமிடுவது 1952ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஜொகூருக்குக் கிழக்கே இப்படி நின்ற கப்பல்களைக் கடல்சார் அமலாக்கத் துறையினர் தடுத்து வைத்த செய்திகள் அடிக்கடி வருகின்றன.

விடுமுறை நாள்களில் கேரித்தீவுப் பக்கம் சிறு படகில் தூண்டில் போடப் போகிறோம். நான்கு கொக்கி உள்ள நங்கூரம்தான் வைத்திருக்கிறோம். ஒரு நாள் பிடிக்காமல் படகு தானாகப் போய்விடுகிறது. இன்னொரு நாள் அடியில் எதிலோ சிக்கிக்கொண்டு எடுக்கவே முடிவதில்லை, கயிற்றை அறுத்துவிட்டு வருகிறோம். என்ன செய்யலாம்?
*தோட்டத் தொழிலாளர், கேரித்தீவு*

நான்கு கொக்கி நங்கூரம் பாறைக்கும் மூழ்கிய மரத்துக்கும் உரியது. சேற்றில் அது கீறிக்கொண்டுதான் வரும். உங்கள் பகுதிச் சேற்றுக்கு அகன்ற அலகுள்ள மடங்கு நங்கூரம் பொருத்தமானது. கயிற்றை நேரே நங்கூரத்தில் கட்டாமல் இடையில் மூன்று நான்கு மீட்டர் சங்கிலி சேருங்கள். மேலே மாணவிக்குச் சொன்ன காரணம் சிறு படகுக்கும் பொருந்தும்.

அடுத்தது கயிற்றின் நீளம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கிள்ளான் பக்கத்தில் நீர் நான்கு மீட்டருக்கு மேல் ஏறும். வற்றத்தில் மூன்று மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் கயிறு விட்டால் ஐந்து மடங்கு, போதும். ஏற்றத்தில் அதே இடம் ஏழு மீட்டர் ஆழம். அதே கயிறு இரண்டு மடங்குதான், நங்கூரம் பெயர்ந்துவிடும். ஆகவே உச்ச நீருக்குக் கணக்குப் போட்டுக் கயிறு கொண்டுபோக வேண்டும்; 40 மீட்டர் இருந்தால் கவலையில்லை. கயிற்றை எப்போதும் படகின் மூக்கில் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் நீரோட்டம் பின்பலகைக்கு மேல் ஏறிப் படகை நிரப்பிவிடும். எஞ்சின் எடையும் அங்கேதான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சிக்கிக்கொள்வதற்கு மீனவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் மேல்வளையத்தில் மாட்டாமல், கொக்கிகள் சேரும் அடிப்பகுதியில் மாட்டுங்கள். பிறகு அதைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய நூல்கயிற்றால் ஒரு கட்டு மட்டும் போடுங்கள். சாதாரண இழுப்புக்கு அந்தக் கட்டு தாங்கும். சிக்கிக்கொண்டால் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து பலமாக இழுங்கள். கட்டு அறுந்து, இழுப்பு அடிப்பகுதிக்குப் போய், கொக்கி வந்த வழியே தலைகீழாக வெளியே வரும். காற்று வலுத்த நாளிலோ படகில் படுத்துத் தூங்குவதாக இருந்தாலோ இந்த முறை வேண்டாம். அந்த மெல்லிய கட்டு உங்களுக்குத் தெரியாமலே அறுந்துவிடக்கூடும்.